அக்கா தரையில் போன தூரம்

அக்காவின் சேலைகளில் பின்பக்கம் ஒரே இடத்தில் நூல் நைந்து வெளுத்திருக்கும். அவள் இறந்த பிறகு பீரோவைக் காலி செய்தபோது எண்ணினேன். மொத்தம் நாற்பத்தொன்று. வெளியே உடுத்திப் போவதற்கென்று தனியாக மடித்து வைத்திருந்த ஏழில் ஆறு மட்டும் புதிது போல இருந்தன. ஏழாவது, கரும்பச்சையில் மஞ்சள் கரை போட்டது, பின்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அவள் அதைத் தைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. அது வடக்கே போகும் வழியில் ஒரு பெரிய விமான நிலையத்தின் தரையில் கிழிந்த சேலை. அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களின் கோபம் அந்த ஒரு ஊரின் மேல் போய்விடும்.

அக்காவுக்கு எழுபது வயதுக்கு முன்பே இரண்டு மூட்டும் போய்விட்டன. அறுவை சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை அதிகமாக இருக்கிறது, இப்போது வேண்டாம் என்றார்கள். பிறகு வேண்டும் என்று யாரும் சொல்லவே இல்லை. நிற்க முடியாது என்று தெரிந்ததும் அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, உடம்பைச் சற்றுத் தூக்கி முன்னால் வைப்பாள், மறுபடி ஊன்றுவாள். அப்படித்தான் வீடு முழுக்கப் போவாள். அத்தான் காலமாகி, ஒரே மகனும் ராய்ப்பூரில் வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் அவள் ஒருத்திதான். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எல்லா சுவிட்சுகளையும் இடுப்பளவுக்குக் கீழே இறக்கவைத்தாள். கேஸ் அடுப்பு தரைக்கு வந்தது. சாமி படங்கள், காலண்டர், கண்ணாடி எல்லாமே இறங்கின. இரண்டு வீடு தள்ளி இருந்த நான் போனால் குனிந்து குனிந்து எனக்குத்தான் முதுகு வலிக்கும். ‘இந்த வீட்டுல நீதாம்லே நொண்டி’ என்று சிரிப்பாள்.

ஆனால் அவள் தரையில் போவதை வெளி ஆள் யாரும் பார்த்ததில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், ‘ஏலே, ஆள் வருது, என்னத் தூக்கி நாக்காலில வை’ என்பாள். வந்தவர்கள் பார்ப்பது முந்தானை சரிசெய்து, கால்மேல் போர்வை போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய மனுஷியை. நாங்கள் சங்கரன்கோவிலில் கௌரவமாக வாழ்ந்த குடும்பம் என்ற நினைப்பு அவளுக்கு நிறையவே உண்டு. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக்கூட அவள் வெளியே வருவதை நிறுத்திவிட்டாள்.

ராய்ப்பூரிலிருந்து அந்த போன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பேசியவள் அக்கா மகனின் மனைவி. கல்லீரல் பழுது, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரமாகிறது, டாக்டர்கள் வரவேண்டியவர்களை வரச்சொல்கிறார்கள் என்றாள். ‘அம்மா வந்தாச்சா, அம்மா வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க மாமா. நாளைக்கே கூட்டிட்டு வந்துருங்க.’ என் மகள் சென்னையிலிருந்தபடியே டிக்கெட் போட்டாள். சக்கர நாற்காலி வேண்டும் என்றும் பதிவு செய்தாள். மதுரையில் ஏறி, நடுவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். மாறுவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. தாராளம் என்று மகள் சொன்னாள். நான் புள்ளியியல் துறையில் இருந்தவன். குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கம் வயல் வயலாகப் போய்க் கதிர் அறுத்து எடைபோட்டு விளைச்சல் கணக்கு எழுதியே முப்பத்துநான்கு வருஷம் ஓடியது. தாராளம் என்ற சொல்லை நான் எந்தக் கணக்கிலும் எழுதியதில்லை.

மதுரையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கார் நின்ற இடத்துக்கே நாற்காலி வந்தது. தள்ளியவர் ஐம்பது வயதுக்காரர், கலகலப்பானவர். ‘வாங்கம்மா, நம்மளை யாரும் முந்த முடியாது. உங்களை ஏத்திட்டுத்தான் மத்தவங்களையே ஏத்துவாங்க’ என்றார். அக்கா கேட்டாள்: ‘ஏத்துறது சரி. எறக்கும்போது?’ அவர் சிரித்துக்கொண்டே, ‘எறங்கும்போது கடைசிம்மா’ என்றார். அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கரும்பச்சைச் சேலையைத்தான் உடுத்தியிருந்தாள்.

விமானம் தாமதமாகத்தான் கிளம்பியது. இறங்கியபோது இரண்டு மணி நேரம் ஒன்றே கால் மணி நேரமாகியிருந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நூற்று ஐம்பத்தெட்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். துடைக்கிறவர்கள் வந்து எங்கள் வரிசையை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தார்கள். அதன் பிறகே நாற்காலி வந்தது. அதிலும் நிம்மதியில்லை. நீண்ட கூடம் ஒன்றின் தொடக்கத்தில் அக்காவை ஒரு இரும்பு பெஞ்சுக்கு மாற்றிவிட்டு, இன்னொரு விமானத்துக்கு வேண்டும், ஐந்து நிமிடத்தில் வேறு நாற்காலி வரும் என்று தள்ளிவந்தவன் போய்விட்டான். அந்த பெஞ்சில் ஏற்கெனவே எட்டு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் அதே ஐந்து நிமிடம்தான் சொல்லியிருந்தார்கள்.

எங்களைக் கடந்து பதினாறு நாற்காலிகள் போயின. அவற்றில் நாலைந்து பேர் காபிக் கடை முன்னால் எழுந்து, நடந்து போய் வாங்கி வந்து மறுபடி உட்கார்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பாஷை தெரியாத அப்பா அம்மாவுக்கு வழி காட்ட ஆள் கிடைக்கும் என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே நாற்காலிக்குச் சொல்லிவைக்கிறார்கள். ஆனால் நாற்காலிகள் குறைந்த எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. கவுண்டருக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஆபீஸ் ஆங்கிலத்தில் மகன் சாகக் கிடக்கிறான் என்று சொன்னேன். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, யாருக்கோ போன் செய்துவிட்டு, ஐந்து நிமிடம் என்றாள்.

திரும்பி வந்தபோது அக்கா கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘நம்ம கேட்டு எங்கன இருக்கு?’

‘கடைசிலக்கா. கால் கிலோமீட்டருக்குக் கொறையாது.’

‘நம்ம தெருவு ரெண்டு தெருவு இருக்குமா?’

‘இருக்கும்.’

‘என்னக் கீழ எறக்கு.’

எனக்குப் புரிந்தது. புரியாதது போல நின்றேன். ‘அக்கா, இவ்வளவு பேரு பாப்பாங்கக்கா.’

‘பாக்கட்டும். எம்பிள்ள அங்கன கெடக்கான், நீ இங்கன நாக்காலிய எண்ணிக்கிட்டு நிக்க. எறக்குலே.’

இறக்கினேன். அவள் சேலையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் சுற்றிக்கொண்டாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், உள்ளங்கைகளை ஊன்றினாள். முதல் தள்ளலிலேயே அவள் வீட்டில் போவதைவிட இரண்டு மடங்கு தூரம் போய்விட்டாள். அந்தத் தரை அப்படி வழுக்கியது. ‘நம்ம வீட்டுத் தரையெல்லாம் என்ன தர’ என்றாள். நான் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். உண்மையில் நடக்கவில்லை, ஓடினேன். கடைகளில் நின்றவர்கள் திரும்பினார்கள். போன்களை உயர்த்தினார்கள். ஒரு குழந்தை அவளைப் பார்த்துத் தானும் தரையில் உட்கார்ந்தது. அதன் தாய் வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள். இரண்டு பேர் வந்து தூக்கட்டுமா என்று ஜாடையில் கேட்டார்கள். அக்கா கையை ஆட்டி வேண்டாம் என்றாள். தரை துடைக்கும் பெண் ஒருத்தி மட்டும் எதுவும் கேட்காமல் துடைப்பத்தை ஏந்திக்கொண்டு முன்னால் போய் ஆட்களை விலக்கினாள். ஒரு காவலர் வந்து நிற்கச் சொன்னார், நாற்காலி வருகிறது என்றார். நான் தமிழில் சொன்னதும் அக்கா, ‘வரட்டும். அதுவரைக்கும் நான் போய்க்கிட்டிருக்கேன்னு சொல்லு’ என்றாள். தரையில் ஒரு இடத்தில் இரண்டு பாளங்களை இணைக்கும் உலோகப் பட்டை லேசாக எழும்பியிருந்தது. அதில்தான் சேலை மாட்டிக் கிழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்துவிட்டோம். அதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாங்கள் போனபோது கேட் திறந்திருந்தது, வரிசையில் இன்னும் இருபத்திரண்டு பேர் நின்றிருந்தார்கள். அக்கா அந்த வரிசையின் கடைசியில் தரையில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ‘பாத்தியால?’ என்றாள். அவள் முகத்தில் அந்த மூன்று நாளில் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அது.

சீட்டு சரிபார்க்கும் அதிகாரி எங்களைப் பார்த்ததும் பதறிப்போனார். கெட்டவர் இல்லை. பெரியவரை இப்படித் தரையில் வரவிட்டார்களே என்று தன் ஆட்களைத் திட்டினார். அதன் பிறகு தன் மேலதிகாரிக்கு போன் செய்தார். அங்கிருந்துதான் கெட்டது. இவ்வளவு முடியாதவரை டாக்டர் சான்றிதழ் இல்லாமல் ஏற்ற முடியாது, மேலே போனபின் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார்கள். காலையில் ஒரு விமானம் ஏற்றித்தானே கொண்டுவந்தது என்றேன். அப்போது நாற்காலியில் வந்தார், இப்போது தரையில் வந்திருக்கிறாரே என்றார்கள். ‘இவ்வளவு தூரம் தன் கையாலேயே வந்திருக்கிறாள், இது முடியாமையா?’ என்று ஆங்கிலத்தில் கத்தினேன். விமான நிலைய டாக்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். கால் கிலோமீட்டர் கையூன்றி வந்தவளுக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கும்? இன்று வேண்டாம், ஓய்வெடுக்கட்டும் என்று எழுதினார். கேட்டை மூடினார்கள். அந்த நேரம் பார்த்து, ஒன்றுக்கு இரண்டாக நாற்காலிகள் வந்து நின்றன.

‘இது இப்பம் எதுக்கு?’ என்று அக்கா கேட்டாள். தூக்கி உட்காரவைத்தார்கள்.

அடுத்த விமானம் மறுநாள் காலை. ஓய்வறையில் ஒரு கட்டில் கொடுத்தார்கள், தயிர்சாதம்கூட வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் ராய்ப்பூரிலிருந்து போன் வந்தது. மருமகள் அழவில்லை. ‘இனி அவசரப்பட வேண்டாம் மாமா. மெதுவாவே வாங்க’ என்றாள்.

அக்கா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பிறகு, ‘எத்தன மணிக்கு?’ என்று கேட்டாள். சொன்னேன். ‘அந்த ப்ளேன் எத்தன மணிக்கு எறங்கியிருக்கும்?’ அதையும் சொன்னேன். ‘அங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு?’ ‘அரை மணி நேரம்.’ ‘அப்பம் பாத்திருப்பனா?’

‘பாத்திருப்பக்கா. முக்கால் மணி நேரம் இருந்திருக்கும்.’

வேறு பதில் சொல்லியிருக்கலாம் என்று என் மகள் இன்றும் சொல்கிறாள். எந்தப் பதிலைச் சொல்வது? அக்கா என்னிடம் கேட்ட அத்தனையும் அவளே போட்டு முடித்த கணக்குதான். சரிபார்க்கத்தான் கேட்டாள். ‘சரி’ என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் எல்லா இடத்திலும் நாற்காலி காத்திருந்தது. மகன் முகத்தை அவள் குளிர்ப்பெட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெட்டி உயரமாக இருந்ததால் இரண்டு பேர் அவளைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள்.

ஊர் திரும்பியபின் அக்கா தரையில் இறங்கவே இல்லை. கட்டிலோடு இருந்துவிட்டாள். சமைக்க ஒரு பெண்ணை வைத்தேன். அவள் தரையில் இருந்த அடுப்பைத் திட்டிக்கொண்டே சமைத்தாள். டாக்டர் வந்து பார்த்து, கையில் பலம் நன்றாகத்தானே இருக்கிறது, பழையபடி நகர்ந்து போகலாமே என்றார். ‘அதெல்லாம் எனக்கு முடியாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க’ என்றாள் அக்கா. டாக்டருக்கு விளங்கவில்லை. எட்டாவது மாதம் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது எனக்கு எழுபத்தாறு. வலது மூட்டு போய்விட்டது, இடது போய்க்கொண்டிருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போகிறேன். விமானம் இறங்கி எல்லோரும் போனபின் பணிப்பெண் குனிந்து, ‘கொஞ்ச தூரம் நடப்பீங்களா சார்? வாசல் வரைக்கும் மட்டும்’ என்று கேட்பாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் என்னால் நடக்க முடியும். முடியாது என்றுதான் சொல்கிறேன்.