சிரிப்பை முதலில் எடுத்துவிடுவோம்

தொலைக்காட்சிப் போட்டிகளுக்குக் கைதட்ட ஆள் பிடித்துத் தருவதுதான் என் தொழில். பெயர் அட்டையில் ‘பார்வையாளர் ஒருங்கிணைப்பாளர்’ என்று கௌரவமாகப் போட்டிருக்கும். வீட்டில் என் கணவர் ‘கூட்டம் கூட்டுறவ’ என்பார். சங்கத்து ஆண்டுக் கூட்டத்துக்கு முன்வரிசை நிரம்பவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும், பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு அலுவலகத்தில் ஒவ்வொருவரிடமாகப் பல்லைக் காட்டி அழைத்தவர்களுக்கும் என் பாடு சொல்லாமலே புரியும். பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக உட்லண்ட்ஸிலும் சிராங்கூன் சாலையிலும் பேருந்தை நிறுத்தி ஆளேற்றிக்கொண்டிருக்கிறேன்.

அண்மையில் முதல் தடவையாக ஒரு சினிமாவுக்கு ஆள் கேட்டார்கள். கேலிப் படம். ஒரு கற்பனைத் தீவில் பிரதமரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தலுக்குப் பதிலாகத் தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி வைக்கிறார்கள். ஜெயித்தவர் நாட்டை ஆள்வார். இயக்குநர் வினோத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. புக்கிட் பாத்தோக்கில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஆறாவது மாடியைப் பிடித்து, மேடையும் நடுவர் நாற்காலிகளும் போட்டிருந்தார். சனி, ஞாயிறு இரண்டு பகலுக்கு எண்பது பேர் வேண்டும் என்றார். சரி என்றேன். அந்த இரண்டு நாளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளை வேண்டாம்

கேலி செய்யலாம், ஆனால் எந்த நிஜக் கட்சியின் சாயலும் படத்தில் விழக் கூடாது என்பதில் தயாரிப்பாளர் கண்ணும் கருத்துமாக இருந்தார். இந்த ஊரில் கட்சிக்கு ஒரு சட்டை நிறம். தேர்தல் சமயத்தில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பி குடிக்கப் போனவர்களுக்கு அது தெரியும். ஆகவே எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன்: வெள்ளை வேண்டாம், வெளிர்நீலம் வேண்டாம், சிவப்பு வேண்டாம்.

சனிக்கிழமை காலை அந்தோணி அங்கிள் வந்தார். எழுபது வயது. என் பழைய ஆள், கைதட்டினால் மூன்று வரிசைக்குக் கேட்கும். தும்பைப்பூ மாதிரி வெள்ளைவெளேரென்று முழுக்கைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. தயாரிப்பாளர் முகம் அதைவிட வெளுத்துப்போனது. உடை பார்க்கும் பெண் ஒரு பழுப்புக் கோட்டைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டாள். அங்கிள் அதைத் தடுக்கவில்லை. பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: “காலையில சர்ச்சுல பூசைக்குப் போயிட்டு நேரா வர்றேன்மா. அங்க ஒருத்தரும் என்னை எந்தக் கட்சின்னு கேக்கலலா.”

ஓட்டு அட்டை

கதைப்படி சனிக்கிழமை மதியம் மக்கள் ஓட்டுப் போடும் காட்சி. பளபளச் சட்டைக்காரன் ஒருவன் அபஸ்வரமாகப் பாடுவான். அவனுக்குத்தான் எல்லாரும் அட்டையைத் தூக்க வேண்டும். அவனை எதிர்த்து நன்றாகப் பாடும், ‘சாது’ என்ற அப்பாவிப் பையனுக்கு ஒருவரும் தூக்கக் கூடாது. கேலியே அதுதான். ஆனால் சாதுவாக நடித்த பையன் உண்மையிலேயே அருமையாகப் பாடிவிட்டான். ‘ஓட்டு’ என்று நான் கையைக் காட்டியதும் அவனுக்கு ஒரே ஒரு அட்டை உயர்ந்தது. உட்லண்ட்ஸ் சரோஜா அக்கா.

முதல் டேக் போனது. இரண்டாவதிலும் அதே அட்டை. வினோத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் போய்க் குனிந்து, “அக்கா, கதையில அவன் தோக்கணும்” என்றேன். சரோஜா அக்காவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் பிறந்த வீடு. இந்தப் பக்கம் வேலைக்கு வந்து, இங்கேயே நிரந்தரவாசியாகக் குடியிருந்து தலை நரைத்தவர். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மேடையைப் பார்த்தபடி சொன்னார்: “இருபத்திரண்டு வருசமா இங்க இருக்கேன், இன்னும் பி.ஆர். தான், இங்க எனக்கு ஓட்டு இல்ல. இந்த அட்டையையாச்சும் எனக்குப் பிடிச்சவனுக்குத் தூக்க விடுங்கலா.”

பட்டியலில் ஒரு பெயர்

மூன்றாவது வரிசையில் ஜெயபாலன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. காலையில் கையெழுத்துப் போட வந்தபோதே எனக்கு அடையாளம் தெரிந்தது; அவரும் என்னைத் தெரிந்துகொண்டு தலையசைத்தார். பத்து வருடத்துக்கு முன்பு நான் ஆள் சேர்த்துக் கொடுத்த நிஜப் பாட்டுப் போட்டி ஒன்றில் அவர் போட்டியாளர். இரண்டாவது சரணத்தில் வரி மறந்துபோய் நின்றார். உதடு துடிக்க நடுவர்களிடம், “எங்கம்மா பார்ப்பாங்க சார், இன்னொரு தடவை பாடவா?” என்று கேட்டு அழுதுவிட்டார். தொலைக்காட்சியில் அது வந்தபோது அந்த அழுகைக்கு அடுத்த நொடியே அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தத் துண்டு ஊரில் எல்லார் கைத்தொலைபேசிக்கும் போனது. ‘இன்னொரு தடவை பாடவா’ என்பது கொஞ்ச காலம் கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது.

அன்று அரங்கத்தில் இருந்த முந்நூறு பேரில் யாரும் சிரிக்கவில்லை. நான் அங்கே நின்றேன், எனக்குத் தெரியும். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பார்வையாளரின் சிரிப்பு, கைதட்டல், கண்ணீர் எல்லாவற்றையும் பாட்டு தொடங்குவதற்கு முன்பே தனியாகப் படம்பிடித்து வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்குப் பிறகு முகங்கள் வாடிவிடும் என்பதால் இப்படி. அன்று காலையில் ஒரு நகைச்சுவைக்காரர் ஜோக் சொல்ல, அதற்குச் சிரித்த சிரிப்பைத்தான் ஜெயபாலனின் அழுகைக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். ஒளிபரப்பான மறுநாள் படத்தொகுப்பாளரிடம் போய், இது தப்பில்லையா என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்: “ஹால் கம்முனு இருந்தா பாக்குறவன் சேனலை மாத்திடுவான்லா.”

பதினோராவது காட்சி

அந்தப் பதிலோடு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். ஜெயபாலனுக்கு ஒரு ஃபோன் செய்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயத்தில் செய்யவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பதினோராவது காட்சித் தாள் என் கைக்கு வந்தது. சாது வரி மறந்து நிற்கிறான், “எங்கம்மா பார்ப்பாங்க சார், இன்னொரு தடவை பாடவா?” என்கிறான், மக்கள் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஃபோனில் பார்த்த துண்டை வினோத் அப்படியே எழுதிவிட்டார். அந்த ஆள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஜெயபாலனிடம் போய், இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் முறையும் வாயைத் திறக்கவில்லை.

வழக்கம்போலச் சிரிப்பை முதலில் எடுத்தோம். மேடையில் ஒருவர் வீவக அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் மாமியாரும் மருமகளும் துணி காயப்போடும் கம்புக்குச் சண்டை போட்ட கதையைச் சொன்னார். நல்ல ஜோக். எல்லாரையும்விட ஜெயபாலன்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சாது மேடையேறி, வரி மறந்து, அம்மாவைச் சொல்லி அழுதான். பார்வையாளர் சத்தம் போட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. ஜெயபாலன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

வினோத்துக்குப் பரம திருப்தி. மடிக்கணினியில் இரண்டையும் அங்கேயே ஒட்டி எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். தங்கள் முகத்தைப் பார்க்கும் ஆசையில் எண்பது பேரும் சூழ்ந்துகொண்டார்கள். திரையில் சாது அழுதான். உடனே மூன்றாவது வரிசை; நடுவில் ஜெயபாலன், வாயெல்லாம் பல்லாக, அழுகிறவனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஜெயபாலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. “அன்னைக்கும் இப்படித்தானா அக்கா?”

மாடிப்படியில்

ஆமாம் என்றேன். படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்: காலையில் எடுத்த சிரிப்பு, கண்ணைத் துடைத்த பெண்கள், படத்தொகுப்பாளரின் பதில், நான் செய்யாத ஃபோன். என்னை மன்னித்துவிடுங்கள் என்றும் கேட்டேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். “ஸ்டேஜுல நிக்கும்போது யாரும் சிரிச்ச மாதிரி எனக்கு ஞாபகமே இல்லக்கா. ஆனா டிவியில சிரிக்கிறாங்களே. லைட்டு கண்ணுல அடிச்சதுல காது அடைச்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். பத்து வருசமா என் ஞாபகத்தைத்தான் பொய்னு நெனச்சேன்” என்றார். அதன் பிறகு ஒரு மேடையிலும் பாடவில்லையாம். கோயில் பஜனையில்கூட வாயசைப்பதோடு சரியாம். கூட்டத்தில் ஓர் ஆளாக வந்து உட்கார்ந்ததே, மனிதர்கள் எப்படி அப்படிச் சிரிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்கத்தான்.

இதற்குமேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரையே அழைத்துக்கொண்டு போய் வினோத்திடம் யாரென்று சொன்னேன். வினோத் எழுந்து நின்றார். அந்தக் காட்சியைத் தூக்கிவிடுகிறேன் சார், இன்றைக்கே தூக்கிவிடுகிறேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தயாரிப்பாளரும் வந்து நின்றார். ஜெயபாலன் கொஞ்ச நேரம் மடிக்கணினியையே பார்த்தார். அதில் அவர் சிரித்தபடி உறைந்து நின்றார். பிறகு சொன்னார்: “தூக்காதீங்க தம்பி. சிரிப்பை எப்ப எடுத்தீங்க, எதுக்குச் சிரிச்சோம், அதையும் சேத்துக் காட்டுங்க.”

டோபி காட்டில் ஒரு காலைக் காட்சி

வினோத் சொன்னபடி செய்தார். படத்தில் இப்போது சாதுவின் அழுகைக்கு முன்னால் துணிக் கம்பு ஜோக்கும் வருகிறது, அதற்கு நாங்கள் சிரிப்பதும் வருகிறது. பிறகு அந்தச் சிரிப்பை எடுத்து ஒருவர் அழுகைக்குப் பின்னால் ஒட்டுவதும் வருகிறது. டோபி காட் பக்கம் ஒரு திரையரங்கில் காலைக் காட்சியாகப் போட்டார்கள். அரசியல் கேலிக்கெல்லாம் மக்கள் நன்றாகவே சிரித்தார்கள். அந்த இடம் வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

படம் முடிந்து வெளியே வந்தோம். ஜெயபாலன் சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரோரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனியாவது பாடுவீர்களா என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பற்றிப் பேசினார். அவருடைய அம்மா நான்கு வருடத்துக்கு முன்பே போய்விட்டார் என்பதை அப்போதுதான் அறிந்தேன். “எங்கம்மா சாகுற வரைக்கும் அந்த ஹாலுல இருந்தவங்களைச் சபிச்சாங்கக்கா. விளக்கேத்தும்போதுகூட, என் புள்ளையப் பாத்துச் சிரிச்சவங்க நல்லாவே இருக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. அந்த ஹாலுல இருந்தவங்க எனக்காக அழுதவங்க. இப்ப நான் யார்கிட்டப் போயி மன்னிப்புக் கேக்குறது?”

எந்த நிகழ்ச்சிக்கும் ஒரே வாரத்தில் முந்நூறு பேரைத் திரட்டித் தருவேன் என்று பெருமை பேசுகிற எனக்கு, அந்த முந்நூறு பேரை மட்டும் எங்கே போய்த் தேடுவது என்று இன்றுவரை தெரியவில்லை.