சுவரைத் தட்டிப் பார்த்தவர்

அல்சூரில் ஒரு மருத்துவமனை. என் மனைவிக்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. அவளைப் பார்க்க விடாமல் என்னை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். கூரைப் பலகைகளை எண்ணுவதும், சந்தேகப்பட்டு மறுபடி எண்ணுவதுமாக இருந்தேன்.

பக்கத்து நாற்காலிக்கு ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த புருவம். உட்காரும் முன் சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவராம். பழக்கம் விடவில்லை என்றார்.

“எண்ணி முடிச்சாச்சா சார்?” என்று சிரித்தார்.

“உள்ள என் மனைவிக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு. பொழைப்பாளான்னு குறி சொல்றவங்களையாவது கேட்டிருக்கலாம்,” என்றேன்.

“குறின்னா அடையாளந்தானே சார்? இருக்கிற அடையாளத்தப் பாத்து வரப்போறதச் சொல்றாங்க, அதான் அந்தப் பேரு. நாங்க தலைக்கு மேல பாறையத் தட்டுவோம். கணீர்னு கேட்டா பாறை கெட்டி, வேலையப் பாப்போம்; பொத்துனு கேட்டா விழப்போகுது, ஓட்டம். நர்ஸ் என்ன சொன்னாங்க?”

“உள்ள விடமாட்டாங்களாம். சாயங்காலம் அவ மூக்குக்கண்ணாடிய எடுத்துட்டு வரணுமாம். எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்காளாம்.”

“கண்ணாடி கேக்கறாங்களா? அட போங்க சார், கணீர்னு இருக்கு!”

கண்ணாடியுடன் நான் திரும்பியபோது அவர் நாற்காலி காலி. யாருக்காகக் காத்திருந்தாரோ, தெரியவில்லை. இன்றும் கண்ணாடியைக் காணோம் என்று மனைவி சத்தம் போடும்போதெல்லாம், மனதுக்குள் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் தேடத் தொடங்குகிறேன்.