எல்லா நேரத்திலும் அனுமதி

சண்முகவள்ளிக்கு வாரத்தில் ஆறு நாள் மில், ஏழாம் நாள் ஸ்கூட்டர். மில் ஊரறிந்தது. ஸ்கூட்டர் விஷயம் நாகஜோதிக்கு மட்டும்தான் தெரியும்.

எரியோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில், அறுந்த இழையை ஓடிக்கொண்டே ஒட்டுவது வள்ளியின் வேலை. நாற்பது வயது தாண்டும்வரை அவளை யாராவது ஏற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள், பிறகு கணவர் சோலைமுத்துவின் பைக், இப்போது மில் வேன். தானே ஓட்டினால் என்ன என்று ஒருநாள் கேட்டாள். கனகாம்பரமும் கத்தரியும் போடுகிற சோலைமுத்து நல்ல மனுஷர்தான். ஆனால், "விழுந்து கைய ஒடச்சுக்கிட்டா யாரு பாக்குறது?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அதனால் வள்ளி பக்தையானாள். ஞாயிறுதோறும் பெருமாளைப் பார்க்க என்று தாடிக்கொம்புக்குப் பஸ் ஏறுவாள். ஊருக்கு வெளியே, மனை பிரித்துக் கல் நட்ட பொட்டலில், கூட வேலை பார்க்கும் நாகஜோதி தன் ஸ்கூட்டரோடு காத்திருப்பாள். முறுக்கியதும் வண்டி பாயும். பொட்டலைச் சுற்றிச் சுற்றி வருவாள். காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். பெருமாள் அவளை ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் முத்துச்சாமி அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"என்ன வள்ளி, நேத்து தாடிக்கொம்புல செக்கு மாடு மாதிரி வட்டம் அடிச்சிட்டு இருந்த?"

"கோயிலுக்குப் போனேன் சார்."

"கோயிலு அங்கிட்டு இருக்கு. நீ சுத்துனது பொட்டல்ல. வீட்டுக்காரருக்குத் தெரியுமா? நான் வேணா ஒரு போன் போடவா?" குரலைத் தணித்துக்கொண்டார். "வர்ற ஞாயிறுல இருந்து வேலைக்கு வந்துரு. நான் ஏன் போன் போடப் போறேன்?"

வள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அதையும் கேட்கிறார்கள்.

கேன்டீனில் நாகஜோதியைப் பிடித்தாள். "நீதானடி சொன்ன?"

"வண்டி என்னோடதுக்கா. மாட்டுனா நானும்ல மாட்டுவேன். அந்தாளு என்ன சொன்னாரு, அப்படியே சொல்லு."

வள்ளி சொன்னாள்.

"வண்டின்னு சொல்லவே இல்லயா?"

"இல்ல. வட்டம்னுதான் சொன்னாரு."

"தரையில நின்னு பாத்தவன் வண்டி ஓட்டுறான்னு சொல்லுவான். வட்டம்னா வானத்துல இருந்துல பாத்திருக்கணும்."

இருவரும் மேசையில் கிடந்த வள்ளியின் போனைப் பார்த்தார்கள். ஆயுத பூஜைச் சந்தனம் அதன் பின்பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பூஜையன்று, "நம்ம காலத்து ஆயுதம் போன்தானே" என்று மில்லில் சொன்னார்கள். வருகைப் பதிவுக்கு ஒரு ஆப்பையும் ஏற்றித் தருகிறோம், பூட்டை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். பெண்கள் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பொரிகடலை வாங்கிப் போனார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது வழக்கம். சாமி முன் வைத்ததை யாரும் தொடமாட்டார்கள் என்பது உழைக்கிறவர்களின் நம்பிக்கை. தொடுவதற்கு அதைவிட வசதியான நேரம் இல்லை என்பது நிர்வாகத்தின் அறிவு.

அமைப்புகளுக்குள் நுழைந்து, தப்புத் தப்பாக எதையெதையோ தட்டி, கடைசியில் அந்த ஆப்பின் அனுமதிகளைக் கண்டுபிடித்தார்கள். இருப்பிடம்: எல்லா நேரத்திலும் அனுமதி. அதற்குக் கீழே மைக், கேமரா, தொடர்புகள், படங்கள்.

"மைக் எதுக்குடி?"

"நீ குறட்ட விடுறத மொதலாளி கேக்க வேணாமா?"

வள்ளிக்குச் சிரிப்பு பீறிட்டு டீ மூக்கில் ஏறியது. மைக்கை அணைத்தாள். கேமராவை அணைத்தாள். ஒவ்வொன்றும் வீட்டுக்குள் புகுந்த பூரானை அடிப்பது போல அவ்வளவு திருப்தியாக இருந்தது. இருப்பிடத்தை மட்டும் 'ஆப்ஸைப் பயன்படுத்தும்போது' என்று மாற்றினாள். மறுநாள் காலை மில் வாசலில் ஆப்பைத் திறந்தாள். வருகை பதிவானது. இனி அவள் ஆப்பைத் திறக்கும் இடம் மட்டும்தான் அதற்குத் தெரியும். வாசலில் திறக்கும் நேரத்துக்கு மட்டும் தேவைப்பட்ட ஒன்றுக்காக அவளுடைய வாரம் முழுவதையும் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

அன்று மாலை மில் வேன் திருவிழாக் கூட்டம் போல இரைந்தது. "எனக்கும் அந்த மைக்க அமத்திக் குடுக்கா" என்று ஒருத்தி, "ஏத்தா, எம் மாமியாரையும் இப்படி அமத்த வழி இருக்கா?" என்று இன்னொருத்தி. வேன் எரியோட்டைத் தாண்டுவதற்குள் எல்லாப் போனிலும் வேலை முடிந்திருந்தது.

ஆனால் முத்துச்சாமியிடம் சோலைமுத்துவின் நம்பர் இருந்தது. அதை அணைக்க எந்த அமைப்பிலும் வழியில்லை. வள்ளி நேரே கத்தரிக் காட்டுக்குப் போய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

சோலைமுத்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "விழுந்தியா?"

"ரெண்டு மூணு தடவ."

"கோயிலுக்குப் போகவே இல்லயா? வாரா வாரம் குங்குமம் கொண்டாந்தியே."

"மளிகைக் கடைல வாங்குனது."

அவர் முதலில் முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. "எம் பொண்டாட்டி எங்க போறா வாரான்னு பாக்க அந்தாளு யாரு?"

"நீங்க மட்டும் யாராம்? நானாச் சொன்னாக் கேட்டுக்கங்க, அம்புட்டுதான்."

அவர் வரப்போரம் ஒரு கத்தரியைப் பறித்துப் புழு இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளி மில்லுக்குப் போகவில்லை. தாடிக்கொம்பு ரோட்டில் நாகஜோதியின் ஸ்கூட்டர் வந்தது. ஓட்டியது வள்ளி. பின்னால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி சோலைமுத்து, "மெதுவாப் போ தாயி, மெதுவா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். டீக்கடை வாசலில் முத்துச்சாமி லீவு நாள் டீயோடு நின்றிருந்தார். வள்ளி காலை ஊன்றி நிறுத்தினாள்.

"வணக்கம் சார். நான் இப்ப எங்க இருக்கேன்னு செத்த பாத்துச் சொல்லுங்களேன்."

பழக்கதோஷத்தில் அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டார். "மில் கேட்டுல" என்றார். சொன்ன பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

"அப்ப அங்க போய்த் தேடுங்க" என்று சொல்லி வள்ளி ஆக்சிலேட்டரை முறுக்கினாள். சோலைமுத்து கம்பியை விட்டுவிட்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.