வாயுப் பிடிப்பு

என் வீட்டுக்காரர் பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில் மாஸ்டர். அதே கடையின் பின்கட்டில் நான் குத்தவைத்து வெங்காயம் நறுக்குகிறேன். எட்டுக் கிலோ அரிசி வேகும் தேக்சாவைத் தரையடுப்பிலிருந்து இறக்குவது அவர் மட்டும்தான். மறுபக்கம் பிடிக்க யாராவது வந்தால் கண்ணாலேயே விரட்டிவிடுவார். அரிசி கழுவிய தண்ணீர் ஓடும் தரையில் காலை அகட்டி, இடுப்பை வளைத்து, பிஸ்மில்லா சொல்லி ஒரே தூக்கு. பயில்வான் என்று நினைப்பு.

போன வருஷம் முதுகு வலிக்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் கழுத்துக்குக் கீழே எங்கே வலித்தாலும் அது வாயுதான். பூண்டைச் சுட்டுத் தின்றார், பன்னீர் சோடாவாகக் குடித்தார். ஏப்பம் வரும்போதெல்லாம் வாயு இறங்குகிறது என்று எனக்கு அறிவிப்பு வேறு. சோடாக் கடைக்காரருக்கு நல்ல வரும்படி. இவருக்குத்தான் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் முகம் சுருங்கிவிடும்.

"தூக்க ஏலாதுன்னு தெரிஞ்சா மொதலாளி வேற மாஸ்டரப் போட்டுருவாரு புள்ள" என்றார் ஒருநாள். அதன்பிறகு நானும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை. கேலியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கூட்டம் வருவதற்குள், தேக்சாவைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. காசைத் தொலைத்தவர் போலத் தரையைப் பார்த்தபடி நின்றார். நான் அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழப் பார்த்தேன். காலையிலிருந்து மடங்கிக் கிடந்த என் முழங்கால் எழவிடவில்லை. நல்ல ஜோடி. சப்ளையர்கள் இருவர் ஓடிவந்து அவரைத் தாங்கி பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்தார்கள்.

முதலாளி வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் இவர், ரெண்டே நாளில் சரியாகிவிடும், பழையபடி நானே தூக்குவேன் என்றார். முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒன்னய ஆக்குறதுக்குத்தானப்பா வச்சேன். தூக்கச் சொன்னது யாரு?"

இந்தக் கடைக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் அவரைத் தூக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எனக்கு நாக்கு நுனி வரை கிண்டல் வந்தது. அதற்குள் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டேன்.

"நா மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல" என்று பெஞ்சில் முகத்தைப் புதைத்தபடி அழுதார்.

எனக்கும் அழுகை வந்தது. அவர் பயந்தார், சரி. அதே முதலாளியைத் தினமும் பார்க்கிற நானும் கேட்கவில்லையே.