எங்கள் வீட்டுப் பாத்திரத்துக்கு அவர்கள் இட்ட எண்

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் திருச்சியில் காரைக்குடி பஸ் ஏறினேன். எழுபத்திரண்டாம் வருஷத்து மாசி மாதம். கட்டணம் இரண்டு ரூபாய் எண்பது காசு; புதுக்கோட்டை வழியாக ஏறக்குறைய ஐம்பத்தைந்து மைல். சின்னவள் வசந்தாவைக் கணவரிடம் விட்டுவிட்டு, அவளுக்கு எந்த வேளை எந்த மருந்து என்று எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். இருந்தும், பஸ் கிளம்புவதற்குள் இறங்கிவிடலாமா என்று மூன்று முறை எழுந்து உட்கார்ந்தேன்.

வசந்தாவுக்கு எட்டு வயது. போன புரட்டாசியில் ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவள், மறுநாள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் அவள் உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பார்த்தார். பல்லோரம் நீலக் கோடு ஓடியிருந்தது. "எந்தப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம் என்றேன். பூசுகிற வெள்ளீயத்தில் விலை மலிவான காரீயம் கலந்திருக்கும், அது விஷம், புளியில் கரைந்து தினம் கொஞ்சமாகப் பிள்ளையின் உடம்பில் சேர்ந்திருக்கிறது என்று சொன்னார். இருபது நாள் ஊசி போட்டார்கள். உயிர் தங்கியது. வலது மணிக்கட்டு மட்டும் இன்னும் தொங்குகிறது, பென்சில் நிற்பதில்லை.

மூத்தவள் கோமதி எம்.எஸ்ஸி. படித்துக் காரைக்குடியில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாள். காரைக்குடி ஆராய்ச்சி என்றதும் வாசகர்கள் நினைக்கும் பெரிய நிலையம் அல்ல. ஓர் அறக்கட்டளை செக்காலைப் பகுதியில் பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறிய உலோகச் சோதனைக்கூடம். அங்கே ஏழு பேருக்கு, தங்கள் ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லப் பயிற்சி தருகிறார்கள் என்று கோமதி எழுதியிருந்தாள். 'விஞ்ஞானம் படிக்காத ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வரவேண்டுமாம், கேட்பதற்கு. நீ வா அம்மா.' நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மகள் என்ன ஆராய்கிறாள் என்று யார் கேட்டாலும் "உலோகம் பற்றி" என்பேன். அதற்குமேல் அவள் சொன்னதில்லை.

பத்தேகாலுக்குக் காரைக்குடி. செக்காலைக்குக் குதிரைவண்டி ஒரு ரூபாய் கேட்டு, முக்கால் ரூபாய்க்கு இறங்கியது.

"செக்காலையில எங்குட்டுப் போறீக?" என்றார் வண்டிக்காரர்.

சோதனைக்கூடம் என்றேன்.

"அந்தப் பெரிய கேட்டு வீடா? தெனம் அங்குட்டு ஆள எறக்குறேன். உள்ளுக்க என்னதாம்மா செய்றாக?"

"எனக்கும் சரியாகத் தெரியாது. மகள் வேலை பார்க்கிறாள்."

"பெத்தவுகளுக்கே தெரியலையா? அப்ப குதிரைக்கும் எனக்கும் தெரியாதது ஒண்ணும் குத்தமில்ல!" என்று சிரித்துச் சவுக்கைச் சொடுக்கினார்.

பதினொன்று. வளவு என்கிற உட்கட்டின் நடுவே வெயில் கொட்டும் முற்றம். அதைச் சுற்றிய கூடத்தில் பெஞ்சுகள். பயிற்சி தருபவர் மதுரையிலிருந்து வந்த கல்லூரிப் பேராசிரியர் சபாபதி. கரும்பலகையில் 'பொதுமக்கள்' என்று பெரிதாக எழுதியிருந்தார். அவர் வைத்திருந்த விதி எனக்குப் பிடித்தது. ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் பேசவேண்டும். மதிப்பெண் கிடையாது, கைதட்டல் கிடையாது. கேட்டவர் எழுந்து, நாளைக் காலையில் தன் வீட்டில் என்ன செய்வேன் என்று சொல்லவேண்டும்.

முதலில் செல்வராசு என்ற இளைஞர் கிணற்றுக் குழாயின் துருவைப் பற்றிப் பேசினார். கேட்கவந்தவர் நெற்குப்பை என்ற ஊரிலிருந்து வந்த அவருடைய தாய்மாமன் ஆண்டியப்பன், விவசாயி. அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மாப்பிள்ளை நல்லாத்தான் பேசுனீக. கொழாய் துருப்புடிக்கும்னு எனக்கே தெரியும். புடிக்காம இருக்க என்ன செய்யணும்? அதை மட்டும் பத்து நிமிசமும் சொல்லாமத் தப்பிச்சுட்டீகளே!"

கூடம் சிரித்தது. சபாபதியும் சிரித்தார்.

அடுத்தது கோமதி. கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் காட்டினாள். பாத்திரத்தில் பூசிய ஈயத்தைச் சுரண்டி, அமிலத்தில் கரைத்து, ஒரு மருந்தைச் சொட்டுவிட்டால், காரீயம் இருக்கும்போது சாமந்தி நிறத்தில் மஞ்சள் படியும் என்றாள். விட்டாள், படிந்தது. பல வீடுகளில் சுரண்டி வந்த மாதிரிகளைச் சோதித்ததாகவும், சிலவற்றில் மஞ்சள் வந்ததாகவும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

எனக்குப் போன வருஷத்துப் பொங்கல் விடுமுறை நினைவுக்கு வந்தது. அடுக்களையில் உட்கார்ந்து புளிக்குழம்புப் பாத்திரத்தின் உள்விளிம்பை இவள் சுரண்டிக்கொண்டிருந்தாள். எதற்கடி என்றேன். ஆராய்ச்சிக்கு என்றாள். காகிதத்தில் மடித்து எடுத்துப்போனாள்.

"அம்மா, நீங்கள் நாளைக் காலையில் என்ன செய்வீர்கள்?" என்றார் சபாபதி.

"எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் என்ன வந்தது?" என்றேன்.

கோமதி தலையைக் குனிந்தாள். "தெரியாதும்மா. எல்லாத்துக்கும் நம்பர்தான்."

எப்போது சோதித்தாய் என்று கேட்டேன். ஆனி மாதம் என்றாள். ஆனி! வசந்தா விழுந்தது புரட்டாசி. நடுவில் மூன்று மாதம், அதே பாத்திரத்தில் நான் குழம்பு வைத்து அவள் தட்டில் ஊற்றியிருக்கிறேன்.

சோதனைக்கூடத்தின் தலைவர் டாக்டர் இராமநாதன் எழுந்து விளக்கினார். மருத்துவர் அல்ல, ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். எந்த வீட்டு மாதிரி என்று தெரிந்தால் சோதிப்பவரின் மனம் ஒரு பக்கம் சாயும். அதனால் எண் மட்டும் இடுவார்கள். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் ஒட்டிய உறையில் அவருடைய பீரோவில் இருக்கிறது. கட்டுரை வெளிவந்த பிறகுதான் பிரிப்பார்கள்.

காரணம் நியாயமானதுதான். அளந்து முடிக்கும்வரை நியாயம். அளந்து முடித்த மறுநாள் அதற்கு என்ன பெயர்? எட்டு மாதம் ஒரு பீரோவுக்குள் விஷம் இருக்கும் வீடுகளின் விலாசம் மடித்துக் கிடந்திருக்கிறது. இவர்கள் வெளியே உட்கார்ந்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இப்போது மேடையில் இனிமையாகப் பேச ஆள் வைத்துப் பழகுகிறார்கள்!

"பொதுமக்கள் என்று பலகையில் எழுதியிருக்கிறீர்களே," என்றேன். "பொதுமக்களுக்குக் கதவு கிடையாது, போய்த் தட்ட முடியாது. நீங்கள் சுரண்டி எடுத்த வீடுகளுக்குக் கதவு இருக்கிறது. சுரண்டுவதற்குத் தட்டத் தெரிந்ததே."

"பதற்றம் கிளம்பும் அம்மா. ஈயம் பூசுகிறவர்கள் பிழைப்பும் போய்விடும்," என்றார் தலைவர்.

ஆண்டியப்பன் மெல்ல எழுந்தார். "அய்யா, எங்க வீட்டு ஏனத்தையும் இந்த மாப்பிள்ளைதான் சுரண்டிக்கிட்டு வந்தாரு. ரெண்டு பேரப்புள்ளைக இருக்குக. பூசுறவுக கடையில விக்கிற ஈயக் குச்சிய வாங்கிப் பூசுறாக; அவுகளுக்கு என்ன தெரியும்? அவுகளுக்கும் நீங்கதான் சொல்லணும். கவர நீங்க பிரிக்கிறீகளா, நான் பிரிக்கவா?"

திங்கட்கிழமை அறக்கட்டளையைக் கேட்டுச் சொல்வதாகத் தலைவர் சொன்னார். நான் பெஞ்சிலிருந்து எழவில்லை. ஆண்டியப்பனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். பயிற்சி நின்றது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு இலை போட்டார்கள். நான் பின்கட்டுக் கிணற்றடிக்குப் போனேன். கோமதி வந்தாள். கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டேன். தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, அப்போதாவது தோன்றவில்லையா என்றேன்.

"தோணிச்சும்மா. கவரப் பிரிச்சா நம்ம வீட்டு நம்பரும் தெரிஞ்சிடும். அது மஞ்சளா இருந்தா நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"பின்னே என்னை ஏன் வரச்சொன்னே?"

"தனியா உங்கிட்டச் சொல்ல வாய் வரலை. எல்லார் முன்னாடியும் பேசுற மாதிரி சொல்லிடலாம்னு நினைச்சேன்."

அவளை அறைந்திருப்பேன். அவள் கை அமிலம் பட்டு வெந்து காய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

மூன்றே கால். பேராசிரியர் சபாபதி, தலைவரின் அறைக்குள் போய் நெடுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. தலைவர் உறையோடு வெளியே வந்து, கோமதியிடம் நீட்டினார். "நீயே படி," என்றார். முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் அது சுலபமாக இருந்திருக்காது என்று இன்று எழுதுகிறேன். அன்று அப்படித் தோன்றவில்லை.

இருபத்திரண்டு பெயர்கள். ஒரு கையில் பட்டியலும் மறுகையில் நோட்டுமாக அவள் படித்தாள். நெற்குப்பை ஆண்டியப்பன் வீடு, மஞ்சள் இல்லை.

"எங்களது தப்பிச்சிருச்சு. நிப்பாட்டாத ஆத்தா, அடுத்த பேரப் படி," என்றார் அவர். கிளம்பவில்லை.

பதினேழாவது எண் எங்கள் வீடு. அதையும் மற்றவற்றைப் படித்த அதே குரலில் படித்தாள். "அடர்ந்த மஞ்சள்." அடுத்த பெயருக்குப் போனாள். எங்களையும் சேர்த்து ஒன்பது வீடுகள்.

சனிக்கிழமை காலை எட்டரை. மஞ்சள் வந்த மற்ற எட்டு வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொல்ல நானும் கோமதியும் கிளம்பினோம். அமராவதிபுதூருக்கு டவுன் பஸ், முப்பது காசு. பயிற்சி பெற்ற ஏழு பேரும் பேசவேண்டிய பொதுக்கூட்டம் ஞாயிறன்று அங்கேதான். பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டித் தச்சுவேலை செய்பவர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி வள்ளியம்மை அடுப்படியிலிருந்து வந்தார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

"வாங்க, வாங்க. சுரண்டுற பொண்ணுல்ல? இன்னிக்கும் சுரண்டணுமா?"

"இல்லக்கா. அன்னிக்குச் சுரண்டிட்டுப் போன பாத்திரத்துல விஷம் கலந்த ஈயம் பூசியிருக்கு. புளி, மோர் எதையும் அதுல வைக்காதீங்க. பிள்ளைங்களுக்கு உடனே ரத்தம் பார்க்கணும். எங்கெங்க போகணும்னு எழுதிட்டு வந்திருக்கேன், நானும் கூட வர்றேன்."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வள்ளியம்மை உள்ளே போனார். குழம்பைச் சாக்கடையில் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கோமதியின் எதிரே நின்றார்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

நேற்றுத்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்யில்லை.

"மஞ்சள் வந்தது ஆனியில. யார் வீடுன்னு கேட்டிருக்கணும். கேக்கலை."

வள்ளியம்மை வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். படிச்ச கழுதை என்றார். ஒன் வீட்டுப் புள்ளையா இருந்தா விட்டிருப்பியா என்றார். கோமதி தன் தங்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் திறக்கப்போனேன், அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். திட்டி முடிந்ததும், மூச்சு வாங்க, "உள்ளுக்க இன்னும் நாலு ஏனம் இருக்கு. வந்து பாரு," என்றார் வள்ளியம்மை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் அதற்குள் தங்கள் பாத்திரங்களோடு வாசலில் வந்து நின்றார்கள்.

அன்று மாலைக்குள் ஐந்து வீடுகள் முடிந்தன. ஞாயிறன்று பொதுக்கூட்டம் அறிவித்தபடி நடந்தது. மற்ற ஆறு பேரும் பேசினார்கள், நன்றாகவே பேசினார்களாம். கோமதி போகவில்லை. மிச்சமிருந்த மூன்று வீடுகளும் நெற்குப்பைப் பக்கம். விடிந்ததும் ஆண்டியப்பனோடு திருப்பத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

பகல் இரண்டு மணிக்கு என் பஸ். எங்கள் ஊரில் விருந்தாளியைப் பஸ் நிலையம்வரை வந்து, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரவைத்து, வண்டி திரும்பும்வரை கையசைத்துவிட்டுத்தான் போவார்கள். பெற்ற மகள் இருக்கும் ஊரில் நான் தனியாக நின்று, தனியாக ஏறினேன். கோபம் தணியவில்லை, வசந்தாவின் மணிக்கட்டு நிமிரும் நாள்வரை தணியாது. ஆனால் அன்று அந்த மூன்று வீடுகளை விட்டுவிட்டு வழியனுப்ப அவள் வந்து நின்றிருந்தால், அந்த ஜன்னலைச் சாத்தியிருப்பேன்.