பதில் வராத பக்கம்

சிலாபத்தில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு தேங்காய்க் கம்பெனியில் எனக்கு வேலை. கம்பெனியின் கொடுக்கல் வாங்கல் முழுவதும் பதிந்திருக்கும் டேட்டாபேஸ் சிலாபத்தில் இருக்கிறது. அதன் அச்சொட்டான நகல் பாலாவியில், எங்கள் களஞ்சியத்தின் பின்னறையில். ஒன்று விழுந்தால் மற்றது எழும்ப வேண்டும். நகலைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பெரிய படிப்புப் படித்துவிட்டு ஒரு பெட்டிக்கு ஆயா வேலை பார்க்கிறாள் என்பார் மாமா. அவர் உம்மாவின் நானா, கூடப்பிறந்த அண்ணன். எங்கள் வீட்டில் அவர் தலையாட்டாமல் எதுவும் நடக்காது.

நகலை இரண்டு விதமாக நடத்தலாம். முதல் விதத்தில், சிலாபத்தில் ஒரு லொறித் தேங்காயைப் பதிந்தால், 'எழுதிவிட்டேன்' என்று பாலாவி பதில் அனுப்பும்வரை சிலாபம் காத்திருக்கும். அதன் பிறகுதான் காரியம் முடிந்ததாகத் திரையில் காட்டும். இரண்டாவது விதத்தில் சிலாபம் யாருக்காகவும் நிற்காது. தான் எழுதியவுடன் முடிந்தது என்று அறிவித்துவிடும். பாலாவிக்குச் செய்தி பின்னால் வந்து சேரும். வேகம்தான். ஆனால் செய்தி வந்து சேருமுன் சிலாபம் படுத்துவிட்டால், முடிந்தது என்று ஊருக்கெல்லாம் சொன்ன விஷயம் பாலாவிக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் மனேஜருக்கு முதலாவதின் பத்திரமும் வேண்டும், இரண்டாவதின் வேகமும் வேண்டும். றோட்டைக் கிண்டுகிறவர்கள் கேபிளையும் சேர்த்துக் கிண்டிய ஒரு நாள், பாலாவியிடமிருந்து பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். நான் பொறுமையாக விளக்கினேன். பதில் வராவிட்டால் சிலாபம் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தனியாகத் தன் வேலையைத் தொடரும். அப்போதும்கூட பாலாவி ஒப்புக்கொண்டது என்று எழுதிவைக்காது, தொடர்பில்லை என்றுதான் எழுதும். அந்த அளவு நாணயம் இயந்திரத்துக்கு உண்டு என்றேன். இவ்வளவு அழகாகப் பேசிவிட்டோமே என்று கற்பிட்டி பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

அந்தக் கிழமையே மாமா ஒரு சம்பந்தத்தோடு வந்தார். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. வெள்ளைக் காரில் சாய்ந்து நின்ற படத்தில் முகம் எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் கலியாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட வேண்டுமாம். கம்ப்யூட்டர் வேலைதானே, வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று மாப்பிள்ளையின் உம்மா பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்.

மாமா என் அறைக்குள் வந்து, விருப்பம்தானே மகள் என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு முகத்தையும் ஒரு வேலையையும் நிறுத்துப் பார்க்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடும்வரை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே முன்னறைக்குப் போய்ப் போனை எடுத்தார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன் என்று அவர் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தப் பக்கத்தில் பத்துப் பேராவது அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருப்பார்கள். என் சம்மதம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்து, கடைசியாக எனக்கு வந்தது.

முன்னறைக்குப் போய், நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். அங்கே உட்கார்ந்திருந்த வாப்பா நிலத்தைப் பார்த்தார். மாமா கோபிக்கவில்லை. பொம்பிளைப் பிள்ளைகள் வாயால் சொல்ல மாட்டார்கள், பேசாமல் இருந்தால் வெட்கம், வெட்கம் என்றால் விருப்பம் என்று அன்பாகவே பாடம் எடுத்தார். அனுபவம் இருக்கிறதாம்.

"உண்ட உம்மாட்டயும் நான்தான் போய்க் கேட்டேன். அவளும் இப்பிடித்தான் வாயே திறக்கல்ல. இப்ப நல்லாத்தானே இரிக்காள்?"

உம்மா அப்போதுதான் தேத்தண்ணியோடு வந்திருந்தார். கோப்பையை மாமாவின் முன்னால் வைத்தார்.

"கேட்டீங்க நானா. நான் இன்னும் பதில் சொல்லல்ல."

மாமா பகிடி என்று நினைத்துச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார். வாப்பா எழும்பி அவருடைய கையிலிருந்த போனை வாங்கி, மகள் இன்னும் முடிவு சொல்லவில்லை, முதலில் சொன்னது பிழை, கொஞ்சம் பொறுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னார். பிறகு என் முன்னால் வந்து நின்று கேட்டார். எனக்கு வேண்டிய நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவர் கதிரையில்கூட உட்காரவில்லை.

"வேலைய விடமாட்டேன் வாப்பா. அதுக்கு அவங்க சரியெண்டா, எனக்கும் ஓம்."

வாப்பா அதை ஒரு சொல் மாறாமல் அவர்களுக்குச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அதற்குப் பதிலே வரவில்லை. அந்த மௌனத்தை மட்டும் மாமா சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

நான் இன்றும் பாலாவிக்குப் போய் வருகிறேன். வாப்பா இப்போதெல்லாம் மீன் வாங்குவதற்குக்கூட என்னிடம் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் போகிறார். உம்மாவிடம்தான் அவர் இன்னும் கேட்கவில்லை.