பாறசாலை மேம்பாலத்தில் ஸ்டெல்லாபாய்

நாகர்கோவில் பாசஞ்சரைப் பிடிக்க, கேரள எல்லையிலுள்ள பாறசாலை நிலையத்தின் மேம்பாலப் படிகளில் ஏறுகிறேன். எனக்கு முன்னால் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் ஒவ்வொரு படியாக ஏறுகிறார். வலது கால் சற்றுப் பிந்தியே வருகிறது. கை நீட்டுகிறேன்.

“வேண்டாம் மக்கா, நானே கேறுவேன்.”

உச்சியில் நின்று மூச்சு வாங்கியபடி சிரிக்கிறார். பெயர் ஸ்டெல்லாபாய், ஊர் குன்னத்துகால். பஸ் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாராம். தனியாக வெளியே வருவது இன்றுதான் முதல் தடவை.

“நடக்க முடிஞ்ச பிறகுதான் மனசுக்குச் சந்தோஷம் வந்ததா அக்கா?”

“இல்ல மக்கா. அழுது அழுது சலிச்சு, ஒருநாள் விடியக்காலம் கண்ணை மூடி, எனக்கு இனி என்ன உண்டுன்னு யோசிச்சேன். மூச்சு உண்டு. அதைத் தந்த கர்த்தர் உண்டு. அன்னைக்கு வந்த சந்தோஷமாக்கும் இது, இன்னும் போகல்ல. கால் பின்னேதான் வந்தது.”

மலையாளத்தில் வண்டியின் வருகையை அறிவிக்கிறார்கள். இருவரும் இறங்குகிறோம். வண்டி நின்றதும் என்னை முந்திக்கொண்டு பெட்டியில் ஏறுகிறார். சன்னலோரம் உட்கார்ந்து, மொத்த நடைமேடைக்கும் கேட்கும்படி கூப்பிடுகிறார்:

“இங்க இடம் உண்டு, கேறி வா மக்கா!”